கோடை முகாமும் மூட்டைப்பூச்சியும்: பெங்களூருப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்ததும் ராமமூர்த்தி நகரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் முகாமுக்குக் கிளம்பிவிடுவார்கள். கனகபுரா சாலைப் பக்கம் ஐந்து நாள், குடகில் ஒரு வாரம், சக்லேஷ்பூரில் பத்து நாள் என்று. துணைக்குப் போகும் பெரியவர்களில் நானும் ஒருத்தி, ஏழு வருடமாக. மூன்று வருடத்துக்கு முன் என் மகன் வேறொரு முகாமுக்குப் போய்த் திரும்பியபோது பையில் மூட்டைப்பூச்சியும் வந்தது. ஒழித்து முடிக்க ஆகஸ்ட் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து லிஃப்டிலும் பார்க்கிலும் ராத்திரி பத்து மணி போனிலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதும், அப்புறம் தேடிப் படித்ததும்தான் இது.

இந்தக் காலத்துல மூட்டைப்பூச்சி எல்லாம் இருக்கா அக்கா? எங்க தாத்தா வீட்டுக் கயித்துக் கட்டில்ல பார்த்ததோட சரி.

இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. வந்து பல நாடுகளில் அதைக் கிட்டத்தட்டத் துடைத்துப் போட்டது. பூச்சியோ கொஞ்சம் கொஞ்சமாக அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க மறுபடி தலைதூக்கியிருக்கிறது. பெங்களூருவில் பி.ஜி. விடுதியில் தங்கியவர்களையும் ஸ்லீப்பர் பஸ்ஸில் ஊருக்குப் போய் வருகிறவர்களையும் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

அழுக்கு இருந்தால்தான் வரும் என்பது தப்பு. அதற்கு வேண்டியது மனித ரத்தமும் ஒளிந்துகொள்ள ஒரு இடுக்கும். வாரத்துக்கு ஒரு புதுக் கூட்டம் வந்து அதே மெத்தையில் படுத்துப் போகிற இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். முகாமில் கன்னடக்கார வார்டனிடம் 'திகணெ' என்றும், வடக்கத்தியர் என்றால் 'கட்மல்' என்றும் கேளுங்கள், உடனே புரியும்.

எப்படி இருக்கும்? நான் நேர்ல பார்த்ததே இல்லை.

வளர்ந்தது ஆப்பிள் விதை அளவு, நாலைந்து மில்லிமீட்டர். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, ஆறு கால். ரத்தம் குடித்தால் உப்பிச் சிவந்துவிடும். குஞ்சு எள்ளைவிடச் சின்னது, வெளிறிய நிறம். முட்டை ஒரு மில்லிமீட்டர், வெள்ளை, இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். பறக்காது, குதிக்காது, நடக்க மட்டும்தான் தெரியும். ஆனால் வேகமாக நடக்கும்.

பகலில் பூச்சியைத் தேடுவதைவிட அது விட்டுப்போன தடயத்தைத் தேடுவது சுலபம். மெத்தையின் தையல் ஓரத்தில் பேனா மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள் இருக்கும், அது அதன் கழிவு. உரித்துப் போட்ட தோல், விரிப்பில் சின்ன ரத்தக் கறை ஆகியவையும் உண்டு. கூட்டம் பெரிதானால் ஒரு நெடி அடிக்கும். சின்ன வயதில் நசுக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி மறக்காது.

கடிச்சா டெங்கு மாதிரி ஏதாவது காய்ச்சல் வருமா?

வராது. மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதர்களுக்கு நோய் பரவுவதாக இதுவரை நிரூபணம் இல்லை. அரிப்புதான் தொல்லை. பிள்ளைகள் நகத்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வார்கள், அந்தப் புண் சீழ் பிடிப்பதுதான் நிஜமான சிக்கல். அதனால் கிளம்பும் முன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி முகாம்காரங்களை என்ன கேக்கலாம்? தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?

தப்பாக நினைத்தால் அதுவே ஒரு பதில். நான் கேட்பது மூன்றுதான். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வருவதற்குள் மெத்தையையும் கட்டிலையும் யாராவது பார்க்கிறீர்களா? கட்டில் இரும்பா மரமா, மெத்தைக்கு ரெக்சின் உறை உண்டா? கடைசியாக மூட்டைப்பூச்சி வந்தபோது என்ன செய்தீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "எங்கள் இடத்தில் வந்ததே இல்லை" என்று முகத்தைச் சுளிப்பவரைவிட, "போன வருஷம் ஒரு அறையில் வந்தது, அறையை மூடி இன்ன இன்னது செய்தோம்" என்று சொல்பவரை நான் நம்புவேன். என் மகன் போன இடத்தில் முதல் வகைப் பதில்தான் கிடைத்தது.

பையில என்ன வைக்கணும், என்ன வைக்கக் கூடாது?

முடிந்தால் துணிப்பையை விட்டுவிட்டு, மடிப்பும் அறையும் குறைந்த கெட்டியான டிராலி கொடுங்கள். தையல் மடிப்புகள் எல்லாம் பூச்சிக்கு வீடு. ஒவ்வொரு நாள் துணியையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுவிட்டால் பிள்ளைக்கும் எடுக்க வசதி. வெளிர் நிறப் போர்வை, தலையணை உறை வையுங்கள். வெள்ளையில் கரும்புள்ளி பளிச்சென்று தெரியும்.

அழுக்குத் துணிக்கென்று வாய் கட்டக்கூடிய தடித்த பெரிய கவர் ஒன்று கட்டாயம் வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் இல்லாத நேரத்தில் மூட்டைப்பூச்சிகள் துவைத்த துணியைவிட உடுத்திய துணியில் இரண்டு மடங்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்தன. உடுத்திய துணியில் நம் வாசனை இருக்கிறதல்லவா? கட்டிலடியில் பிள்ளைகள் கழற்றி எறியும் சாக்ஸ்தான் அதற்கு விருந்தழைப்பு.

கொசு க்ரீம் தடவி அனுப்பினா போதும்ல?

கொசுவுக்குத் தடவுங்கள். மூட்டைப்பூச்சிக்கு அதை நம்ப முடியாது. தலையணைக்கடியில் வேப்பிலை, வசம்பு, கற்பூரம் வைப்பதும் அப்படித்தான், மனத்திருப்தி மட்டுமே. ஆனால் பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அது மூட்டைப்பூச்சியைத் தடுப்பதில்லை. அதிலிருக்கும் நாஃப்தலீனோ, ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

என் பையனுக்கு ஒன்பது வயசு. கட்டிலை அவனே பார்த்துக்குவானா?

பார்ப்பான். ஒன்பது வயதுப் பையனுக்கு டார்ச் கையில் கிடைத்து, 'துப்பறியணும்' என்றும் சொல்லிவிட்டால் போதும், பெரியவர்களைவிட நன்றாகப் பார்ப்பான். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுக் கட்டிலிலேயே பழக்கிவிடுங்கள். அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடக் கூடாது. முதலில் கதவோரம் தரையில், சுவரைத் தொடாமல் நிற்கட்டும். விரிப்பின் தலைமாட்டு மூலையைத் தூக்கி மெத்தைத் தையலை டார்ச்சால் பார்க்க வேண்டும். பிறகு கால்மாட்டு மூலை. அப்புறம் கட்டில் சட்டம் சேரும் இடம், ஸ்க்ரூ துளை, இரும்புக் குழாயின் திறந்த முனை. பழைய பஸ் பாஸோ ஏதாவது அட்டையோ இருந்தால் தையல் இடுக்கில் விட்டு இழுத்துப் பார்க்கலாம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

கரும்புள்ளி பார்த்தால் கத்தக் கூடாது, நேராக அண்ணாவிடமோ மிஸ்ஸிடமோ போய்ச் சொல்ல வேண்டும், இதையும் சொல்லிக்கொடுங்கள். எங்கள் குழுவில் ஒரு குட்டிப் பெண் கண்டுபிடித்த பெருமையில் அறை அறையாகப் போய் அறிவித்தாள். அன்று ராத்திரி இருபத்திரண்டு பிள்ளைகளும் தூங்கவில்லை. கடைசியில் பார்த்தால் அது ஒரு தர்பூசணி விதை.

பங்க் கட்டில்ல மேல் கட்டில் கேட்டு வாங்கினா தப்பிச்சுடலாமா?

இல்லை. கம்பியிலும் சுவரிலும் ஏறிவிடும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போட்டு, போர்வை தரையில் புரளாமல் பார்த்துக்கொண்டால் அதன் வழி கொஞ்சம் குறையும்.

கட்டில் காலுக்கு வழவழப்பான கிண்ணம் வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். குளிர் நாட்டு மூட்டைப்பூச்சி அதில் வழுக்கி விழுந்து மாட்டிக்கொள்ளும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் காணப்படுவது சைமெக்ஸ் ஹெமிப்டிரஸ் என்கிற இனம். இதன் காலில் ஒட்டும் மயிர்கள் அதிகம், அதனால் வழவழப்பான சுவரிலும் ஏறிவிடுகிறது. வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

டென்ட்லதான் படுக்கறாங்க. அப்போ பயமில்லைதானே?

புல்லிலும் மண்ணிலும் மூட்டைப்பூச்சி வாழாது. டென்டுக்கென்று வாடகைக்கு எடுத்த மெத்தை, ஸ்லீப்பிங் பேக் வழியாகத்தான் வரும். முன்பு சொன்ன டார்ச் சோதனையை அதற்கும் செய்யச் சொல்லுங்கள், ஜிப் ஓரத்தை முக்கியமாக.

டென்ட் முகாமில் நான் அதிகம் பயப்படுவது உண்ணிக்கு. சிவமொக்கா, சிக்கமகளூரு, உத்தர கன்னடப் பக்கத்துக் காட்டு உண்ணிகள் கியாசனூர் காட்டு நோயைப் பரப்பும். 1957-ல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறிந்த வைரஸ் காய்ச்சல் அது. டிசம்பர் முதல் மே வரைதான் அதற்குப் பருவம், சரியாக நம் கோடை விடுமுறையும் அதில் வந்துவிடுகிறது. மூட்டைப்பூச்சி ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு ஒளிந்துகொள்ளும். தோலில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அது உண்ணி அல்லது அட்டை. காட்டுப் பக்கம் போய்வந்த பிள்ளைக்கு அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தால், எங்கே போனான் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

மூணாவது நாள் போன் பண்ணி, கை முழுக்கத் தடிப்புன்னு அழறா. போய்க் கூட்டிட்டு வந்துடவா?

முதலில் வார்டனிடம் பேசி ஒரு போட்டோ வாங்குங்கள். மூட்டைப்பூச்சிக் கடி பெரும்பாலும் திறந்திருக்கும் இடத்தில், அதாவது கை, கழுத்து, முகம், கணுக்காலில் வரும். சில நேரம் மூன்று நான்கு தடிப்பு வரிசையாக இருக்கும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அரித்தால் சிரங்காக இருக்கலாம். நீர் கோத்த கொப்புளமும் காய்ச்சலும் என்றால் அம்மையா என்று பார்க்க வேண்டும். தடிப்பை மட்டும் பார்த்து இது மூட்டைப்பூச்சிதான் என்று டாக்டரே அடித்துச் சொல்ல முடியாது. மெத்தையில் தடயம் இருக்க வேண்டும்.

சாதாரணத் தடிப்பு என்றால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி ஒத்தி, காலமைன் தடவினால் போதும். சில நாளில் அடங்கும். அறையை மாற்றச் சொல்லுங்கள். துணி, பை எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு மாறினால் பூச்சியும் கூடவே மாறும், அதையும் சொல்லுங்கள். கண் இமை, உதடு வீங்குவது, மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. சீழும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே டாக்டர். வெறும் அரிப்புக்காக நான் கூட்டிவர மாட்டேன். சொல்லியும் மெத்தையை மாற்றவில்லை என்றால் கூட்டிவந்துவிடுவேன்.

திரும்பி வந்த அன்னிக்கு என்ன பண்ணணும்? வாசல்லயே நிக்க வெச்சுக் குளிப்பாட்டணுமா?

பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், பையைத் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி பேன் மாதிரித் தலையிலோ உடம்பிலோ குடியிருக்காது. வீட்டுக்குள் வருவது பையிலும் துணியிலும் செருப்பிலும்தான். நான் இங்கேதான் கோட்டை விட்டேன். என் மகன் வந்த களைப்பில் பையைத் தன் கட்டிலில் எறிந்தான். நான் தோசை வார்க்கப் போய்விட்டேன். பை மூன்று நாள் அங்கேயே கிடந்தது. மூன்று மாத வேலை அந்த மூன்று நாளில் உண்டானது.

இப்போது என் வழக்கம் இது. பை நேராகப் பாத்ரூமுக்குப் போகும், இல்லையென்றால் பால்கனிக்கு. படுக்கையறைப் பக்கம் போகாது. போட்டிருக்கும் உடை உட்பட எல்லாத் துணியும், துவைத்து மடித்தபடி திரும்பி வந்ததும்கூட, வெந்நீருக்கு. 60 டிகிரி நீரில் துவைத்தால் முட்டையும் சாகும். காலியான கவரை அங்கேயே இறுக்கக் கட்டி வெளியே குப்பைக்கு அனுப்பிவிடுவேன். செருப்பு, ஷூவுக்குள் டார்ச். காலிப் பையின் தையலையும் சக்கர இடுக்கையும் வாக்குவம் வைத்து இழுத்து, வாக்குவத் தூசியைக் கட்டித் தூக்கிப் போடுவேன். நனையலாம் என்கிற பை என்றால் ஓரங்களில் கொதிநீர், பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு.

எங்க வாஷிங் மெஷின்ல வெந்நீர் வராதே?

டாப் லோடு மெஷின் பலவற்றில் வராதுதான். பெரிய அண்டாவில் கீசர் நீரோடு அடுப்பில் கொதித்த நீரையும் கலந்து, துணி முழுகும்படி மூடி அரைமணி ஊறவிடுங்கள். அப்புறம் வழக்கம்போல மெஷின். வெந்நீர் தாங்காத துணி என்றால் டிரையர் இருக்கும் லாண்டரிக்குக் கவரோடு எடுத்துப்போய், அதிகச் சூட்டில் அரைமணி போடலாம்.

தையல், காலர் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும் இடத்திலும் பூச்சி சாகும். அதை வீட்டிலேயே செய்யுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்கு இந்தத் துணியைத் துவைக்காமல் கொடுக்காதீர்கள். அந்த வண்டியில் இருபது வீட்டுத் துணி இருக்கிறது.

பையை மொட்டை மாடி வெயில்ல ரெண்டு நாள் போட்டா செத்துடாதா? எங்க அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க.

உங்கள் அம்மா வெயிலில் போட்டதோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். கயிற்றுக் கட்டிலைத் தரையில் தட்டி, மூட்டில் எல்லாம் கொதிநீர் ஊற்றியிருப்பார்கள். வேலை செய்தது கொதிநீர். பூச்சியும் முட்டையும் சாக, ஒளிந்திருக்கும் இடம் வரைக்கும் கிட்டத்தட்ட 50 டிகிரி ஏற வேண்டும், ஏறி ஒன்றரை மணி நேரமாவது நிற்க வேண்டும். பெங்களூரு ஏப்ரல் வெயில் சராசரியாக 34 டிகிரி. மேலே சூடு ஏறினால் பூச்சி மெத்தையின் அடிப்பக்கத்துக்கோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் விரிசலுக்கோ நகர்ந்துவிடும்.

கறுப்புக் கவரில் கட்டி வெயிலில் வைத்தால் சூடு கூடும், ஆனால் நடுவில் எவ்வளவு ஏறியது என்று தெரியாது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் கவரின் நடுவில் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அவளுக்குக் கரடி பொம்மை இல்லாம தூக்கம் வராது. அதை வெந்நீர்ல போட முடியுமா?

தாங்காத பொம்மை என்றால் கவரில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முழுதாக நான்கு நாள். டபுள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பொதுவாக அந்த அளவுக்குப் போகும், சிங்கிள் டோரின் ஐஸ் பெட்டியை நம்ப முடியாது. கரடி அந்தமானுக்கு லீவில் போயிருக்கிறது என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். குழந்தை ஐஸ்கிரீம் எடுக்கப் போய்ப் பார்த்துவிட்டது.

வந்து பத்து நாள் ஆச்சு, இப்பத்தான் தடிப்பு வருது. முகாம்ல கடிச்சதா, வீட்டுலயே இருக்கா?

இரண்டும் இருக்கலாம். முதல்முறை கடிபட்டவர்களுக்குத் தடிப்பு இரண்டு வாரம்வரை தாமதமாகக்கூட வரும், சிலருக்கு வரவே வராது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அதனால் வீட்டில் பூச்சி இல்லை என்ற கணக்கு செல்லாது.

தினமும் காலையில் புதுத் தடிப்பு சேர்ந்துகொண்டே வந்தால் வீட்டுக் கட்டிலைத் தேடுங்கள். ஒரு பெட்டை நாளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து முட்டை இடும். ஆறு முதல் பத்து நாளில் பொரிந்து, ஒன்றரை மாதத்துக்குள் அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும். கட்டிலை விட்டு எல்லாரும் ஹாலில் போய்ப் படுக்காதீர்கள், அது ஹாலுக்கும் வரும்.

கடைக்காரர் ஒரு மாத்திரை குடுத்தார். ரூம்ல வெச்சுப் பூட்டிட்டுப் போனா காலையில எல்லாம் காலின்னார். வைக்கலாமா?

வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் அறைக்குள் போகாமல் எல்லாரும் வீட்டை விட்டு வெளியேறி, பக்கத்து வீட்டையும் மேல் வீட்டையும் எழுப்புங்கள்.

அது அலுமினியம் பாஸ்பைடு, தானியக் கிடங்குக்கானது. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவை விடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து 1 கிராம் வாயு வரும். கதவு இடுக்கு, குழாய்த் துளை வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. நம் நாட்டில் இதைச் சில்லறையாகப் பொதுமக்களுக்கு விற்கவே கூடாது, ஆனாலும் கிடைக்கிறது. மூட்டைப்பூச்சிக்கென்று இதை வைத்த வீடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வாந்தி, தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, என்ன மருந்து என்று சொல்லி, டப்பாவைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள்.

இதேபோல, பழைய ஸ்டாக் என்று சிலர் தரும் டைக்குளோர்வாஸ் என்கிற பூச்சிமருந்து 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு தடை செய்யப்பட்டது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்பார்களே, அதைச் சிலர் நிஜமாகவே செய்துவிடப் பார்க்கிறார்கள். பட்டனை அழுத்தினால் அறை முழுக்கப் புகையும் டப்பாவால் ஆபத்து குறைவு, பிரயோஜனமும் குறைவு. புகை இடுக்குக்குள் போகாது.

அப்போ ஆள் வெச்சு மருந்தடிக்கும்போது எதைக் கவனிக்கணும்?

லைசென்ஸ் உள்ளவரா, மருந்தின் பெயரை எழுதித் தருகிறாரா, இரண்டாவது தடவை வருகிறாரா என்று பாருங்கள். முட்டையைப் பல மருந்துகள் கொல்லாது. அதனால் பொரிந்து வரும் குஞ்சுக்காக இரண்டு வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டும். ஒரே தடவையில் உத்தரவாதம் என்று சொன்ன இரண்டு பேரை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டோம். நீராவி இயந்திரம் கொண்டுவருகிறவர் கிடைத்தால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. மருந்து காய்ந்து, அவர் சொன்ன நேரம் முடியும்வரை பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

மத்தவங்களுக்குச் சொல்லணுமா? வீட்டு ஓனருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிட்டா?

முகாமுக்கும், அதே அறையில் தங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் சொல்லவில்லை. கடைசியில் குழுவில் எழுதியதும் பத்து நிமிடத்தில் மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் மகளைத் தோல் டாக்டரிடம் இரண்டு முறை காட்டி, சோப்பை மாற்றி, வேர்க்கடலையை நிறுத்தியிருந்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்தப் பெண் கடலைமிட்டாயாவது தின்றிருப்பாள்.

ஓனர் விஷயம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒட்டின வீடுகள் என்றால் சுவர் வழியே நடந்து போய்விடும், மறைத்துப் பயனில்லை. "முகாமிலிருந்து வந்தது, இன்ன தேதியில் ஆள் வருகிறார்" என்று தேதியோடு சொன்னேன். முகம் சுளித்தார். மருந்துச் செலவில் பாதியையும் கொடுத்தார்.

அடுத்த வாரம் இன்னொரு முகாமுக்குப் பணம் கட்டியாச்சு. அனுப்பலாமா?

இதுவரை எல்லாரும் முகாமிலிருந்து வீட்டுக்கு வருவதைத்தான் கேட்டார்கள். இந்த அம்மா ஒருவர்தான் வீட்டிலிருந்து முகாமுக்குப் போவதைக் கேட்டார். அனுப்பலாம். ஆனால் அந்தப் பழைய பையில் வேண்டாம். வெந்நீரிலோ டிரையரிலோ போட்டெடுத்த துணியைச் சுடச்சுடப் புதுக் கவரில் கட்டி, கிளம்பும்வரை படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். ஷூவை மறக்காதீர்கள். அங்கே வார்டனிடம், "எங்கள் வீட்டில் போன வாரம் திகணெ இருந்தது, இதெல்லாம் செய்திருக்கிறோம், முதல் இரண்டு நாள் அவள் கட்டிலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அந்த அம்மா சொன்னார். வார்டன் தாங்க்ஸ் சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாராம்.